மொட்டை மாடியில் ஒரு டாங்கி

சென்ற ஏப்ரல் மாதம் எங்கள் தெருவில் தண்ணீர்க் கஷ்டம். விடியற்காலை நாலு மணிக்குக் குடமும் கையுமாக நிற்காத வீடே கிடையாது. அந்தச் சமயம் பார்த்து, பத்தாம் வகுப்புப் பரீட்சை முடித்துவிட்டு வீட்டில் உட்கார்ந்திருந்த என் பையன், "அம்மா, சிங்கப்பூர் மாமா டாங்க் அனுப்பியிருக்கிறாராம். நாளைக்கு வந்துவிடும்" என்றான்.

எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. தம்பி என்றால் இப்படியல்லவா இருக்க வேண்டும்! அக்கா தண்ணீருக்குப் படும் பாடு அவன் காதில் விழுந்திருக்கிறது. மாடியில் வைக்க ஆயிரம் லிட்டர் தொட்டி ஒன்று வாங்கி அனுப்பிவிட்டான். சிங்கப்பூரிலிருந்து யாராவது தண்ணீர்த் தொட்டி அனுப்புவார்களா என்று நீங்கள் கேட்பீர்கள். ஆசைக்கு அறிவு ஏது? மேடை கட்டுவதற்கு ஒரு கொத்தனாரைப் பார்த்து வரும்படி என் கணவரிடம் அன்று இரவே சொல்லிவிட்டேன்.

மறுநாள் வந்தது ஓர் அட்டைப் பெட்டி. பெட்டிக்குள்ளிருந்து ஒன்றே கால் அடி நீளத்துக்குச் சற்றுக் குறைவாக, பச்சை நிறத்தில், மூக்கை நீட்டிக்கொண்டு ஒரு யுத்த டாங்கி வெளியே வந்தது. பையன் கையில் ஒரு ரேடியோப் பெட்டியை வைத்துக்கொண்டு எதையோ அழுத்தினான். 'கடகட'வென்று என்ஜின் சத்தம். பின்பக்கம் லேசாகப் புகை! என் சமையலறை வாசல்வரை வந்து நின்று, பீரங்கியை என் பக்கம் திருப்பிற்று.

"நன்றாயிருக்கிறது! தண்ணீர் கேட்டவளுக்குப் பீரங்கியா?" என்றேன்.

"அம்மா, முதல் டாங்கியே தண்ணீர்த் தொட்டிதான், தெரியுமா?" என்றான் அவன்.

விளையாட்டுக்குச் சொல்கிறான் என்று நினைத்தேன், வாஸ்தவந்தானாம். முதல் உலக யுத்தத்தில் ஆங்கிலேயர்கள் இந்த இரும்பு வண்டியை ரகசியமாகத் தயாரித்தார்கள். தொழிற்சாலையில் வேலை செய்பவர்களுக்குக்கூட விஷயம் தெரியக் கூடாது என்பதற்காக, 'இது தண்ணீர் கொண்டு போகும் தொட்டி' என்று சொல்லி வைத்தார்கள். அந்தப் பொய்ப் பெயரே நிலைத்துவிட்டது. 1916 செப்டம்பர் 15-ந் தேதி பிரான்ஸ் தேசத்து ஸோம் போர்க்களத்தில் அது முதன்முதலாக இறங்கியபோது, எதிரிகள் தண்ணீர்த் தொட்டி என்று எண்ணி ஏமாறவில்லை. நான் ஒருத்திதான் நூறு வருஷத்துக்கும் மேலான பிறகு ஏமாந்தேன்!

வந்திருந்தது ஷெர்மன் என்ற அமெரிக்க டாங்கியின் மாதிரி. இரண்டாவது உலக யுத்தத்தில் அமெரிக்கர்களும் ஆங்கிலேயர்களும் ஓட்டியது. ஜப்பானில் ஷிஸுவோகா என்று ஒரு நகரம். அங்கே தாமியா என்ற கம்பெனி 1946-ல் மரம் அறுத்து விற்கும் வாடியாகத் தொடங்கி, பிறகு மாதிரிப் பொம்மைகள் செய்யும் தொழிலுக்கு வந்தது. அவர்கள் 1974-ல் ரேடியோவினால் ஓடும் பொம்மை ஒன்றை முதல்முதலாக வெளியிட்டார்களே, அதுவும் இந்த ஷெர்மன் டாங்கிதான். அன்று முதல் உலகம் பூராவும் இதற்குப் பைத்தியங்கள் உண்டு. அந்தப் பைத்தியம் இப்போது எங்கள் வீட்டுக்கும் வந்து சேர்ந்தது.

இந்த வண்டியைத் திருப்புவதற்குச் சக்கரம் வளைவதில்லை. இரண்டு பக்கமும் இரும்புப் பட்டை ஓடுகிறது. வலது பக்கம் திரும்ப வேண்டுமானால் வலது பட்டை மெதுவாக ஓட, இடது பட்டை வேகமாக ஓடுகிறது. "இதென்ன பிரமாதம்? வண்டிக்காரன் வலது மாட்டை இழுத்துப் பிடித்து, இடது மாட்டை விரட்டினால் வண்டி தானே திரும்பும்" என்று ஒரு குரல் கேட்டது.

நாங்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தோம். பேசியவர் என் மாமியார்.

இதில் திரும்பிப் பார்க்க என்ன இருக்கிறது என்று உங்களுக்குத் தோன்றலாம். அத்தைக்கு எண்பத்திரண்டு வயசு. மாயவரத்துப் பக்கத்தில் ஒரு கிராமத்தில், அறுபது வருஷம் ஒரே வீட்டில் வாழ்ந்தவர். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அந்த வீட்டின் மேலே சாலை வந்துவிட்டது. சாலையை அகலப்படுத்த வேண்டியிருந்தது. வீடு குறுக்கே நின்றது. பணத்தைச் சரியாகவே கொடுத்தார்கள். யார் மேலும் குறை சொல்வதற்கில்லை. ஆனால் சென்னைக்கு வந்த நாள் முதல் அத்தை பேச்சைக் குறைத்துக்கொண்டார். 'சாப்பிடுகிறீர்களா?' என்றால் 'உம்'. 'தூக்கம் வருகிறதா?' என்றால் 'உம்'. கிராமத்துப் பேச்சை எடுத்தால் அதுவும் கிடையாது. எழுந்து உள்ளே போய்விடுவார்.

அப்படிப்பட்டவர் மாட்டு வண்டியைப் பற்றி ஒரு முழு வாக்கியம் பேசினார் என்றால் சும்மாவா?

டாங்கி வந்த இரண்டு நாளில் பையனுக்குப் புதுக் கவலை பிடித்துக்கொண்டது. சிமெண்டுத் தரையில் ஓடினால் அது பொம்மையாகத்தான் தெரிகிறதாம். மேடு, பள்ளம், ரஸ்தா, மரம், இடிந்த சுவர் எல்லாம் இருந்தால்தான் நிஜ டாங்கியாகத் தெரியுமாம். "நீ கொலுவுக்குப் பார்க் வைப்பாயே அம்மா, அந்த மாதிரி" என்றான்.

அவன் என் பலவீனத்தைத் தொட்டுவிட்டான். காகிதத்தைக் கசக்கி மலை, முகம் பார்க்கும் கண்ணாடியில் ஏரி, கடுகும் கேழ்வரகும் முளைக்க வைத்துப் புல்வெளி, இதெல்லாம் எனக்குக் கை வந்த கலை. நம் சகோதரிகளில் பலருக்கும் அப்படித்தான் இருக்கும். ஆனால் கொலுப் பார்க்கில் ஒரு சௌகரியம் உண்டு. கோபுரத்தைவிடக் கிளி பெரிதாக இருந்தாலும் யாரும் கேட்கமாட்டார்கள். இங்கே அது நடக்காது. எல்லாவற்றுக்கும் ஒரே கணக்கு. பதினாறில் ஒரு பங்கு.

"பதினாறில் ஒரு பங்கு என்றால் எனக்குத் தலை சுற்றுகிறதடா" என்றேன்.

"ஏன் சுற்றவேண்டும்? வீசம். ரூபாய்க்கு ஓரணா" என்றார் அத்தை.

பாருங்கள், எவ்வளவு சுலபமாகப் போயிற்று! நயா பைசா வருவதற்கு முன்னால், ரூபாய்க்குப் பதினாறு அணா என்று எண்ணிய கை அது. அந்தக் கணக்குப்படி நிஜத்தில் ஓர் அடி, இங்கே முக்கால் அங்குலம். இதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொண்டால் போதும். ஐந்தரை அடி மனிதன் நாலு அங்குலத்துக்குச் சற்று அதிகம். ஆறரை அடி வாசற்படி ஐந்து அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைவு. நிஜ டாங்கி மணிக்கு 40 கிலோ மீட்டர் வேகம் போனால், பொம்மை இரண்டரை கிலோ மீட்டர்தான் போக வேண்டும். அதாவது அத்தை கோயிலுக்கு நடக்கிற வேகம்.

எடைக்கு மட்டும் இந்தக் கணக்கு ஒத்துவராது. "அசல் வண்டி 30 டன் என்றால் இது இரண்டு டன்னா இருக்க வேண்டும்?" என்று அத்தை கேட்டார். பையன் விளக்கினான். நீளத்தில் பதினாறு, அகலத்தில் பதினாறு, உயரத்தில் பதினாறு. மூன்றையும் பெருக்கினால் 4,096. அந்தப் பங்குதான் எடை. ஏழு கிலோ சொச்சம். பொம்மை அதைவிடவும் லேசு. இரும்பு டாங்கி தரையை நசுக்கிக்கொண்டு போகும். பொம்மை தரையின் மேலே துள்ளிக்கொண்டு போகும். அதனால்தான் மேடு பள்ளங்களை மென்மையாகச் செய்யவேண்டும் என்பது. ஓர் அடி நீளத்துக்கு மூன்று அங்குலத்துக்கு மேல் உயரம் ஏறக் கூடாது. ஏறினால் வண்டி தத்தளிக்கும்; பார்க்கவும் வேடிக்கையாக இருக்கும்.

நாங்கள் முதலில் செய்தது முழுத் தோல்வி. பழைய தொலைக்காட்சிப் பெட்டியோடு வந்த தெர்மகோலை அடுக்கி மலை கட்டினோம். பச்சை வர்ணம் தெளிக்கும் டப்பா ஒன்று வாங்கி அடித்தோம். அடித்த இடமெல்லாம் தெர்மகோல் எலி கடித்த மாதிரி உருகிப் போயிற்று. டப்பா வர்ணத்தில் உள்ள கரைப்பான் தெர்மகோலைத் தின்றுவிடும் என்பது பிறகுதான் தெரிந்தது. தண்ணீரில் கரையும் வர்ணம்தான் பூசலாம். மிச்சமிருந்த மலையின் மேலே டாங்கி ஏறியது. பாதி வழியில் மலை அமுங்கி, வண்டி குப்புற விழுந்தது. என் கணவர் பத்திரிகையிலிருந்து தலையைத் தூக்கி, "யுத்தம் முடிந்ததா?" என்று கேட்டுவிட்டு மறுபடி படிக்க ஆரம்பித்தார்.

இரண்டாம் முறை ஒழுங்காகத் தொடங்கினோம். மூன்றடிக்கு இரண்டடியாக இரண்டு ஒட்டுப்பலகைகள். இரண்டாகச் செய்தால் மாடிக்குத் தூக்கிப் போகலாம். வேலை முடிந்ததும் கட்டிலுக்கடியில் தள்ளிவிடலாம். கூரையில் வெயில் இறங்காமலிருக்கப் போடுகிறார்களே, கெட்டியான நுரை அட்டை, அதை அறுத்து மேடுகள். அதன் மேலே காகிதக் கூழ். ரஸ்தா பத்து அங்குல அகலம். டாங்கி நின்ற இடத்தில் திரும்புவதற்கு ஒன்றரை அடிச் சதுரம் காலியாக விடவேண்டும். அது ஊர்ச் சதுக்கம்.

காகிதக் கூழ் அரைக்கும்போது அத்தை வந்து எட்டிப் பார்த்தார். "வெந்தயம் போட்டாயோ?" என்றார்.

"இல்லையே அத்தை."

"பிடி வெந்தயம் ஊறவைத்துச் சேர்த்து அரை. இறுகிப் பிடித்துக்கொள்ளும். நான் கூடை பண்ணின காலத்தில் அப்படித்தான்."

அப்புறம் அவரே புடைவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

சரி, ரஸ்தா வந்தாயிற்று. இனிமேல் இடிந்த வீடு. பையன் உற்சாகமாக, "இந்த இடத்தில் சுவரை உடைத்துவிடலாம், டாங்கி நேரே வீட்டுக்குள்ளே புகுந்து அந்தப் பக்கம் வரும்" என்றான்.

எனக்கு மனசு என்னவோ செய்தது. இத்தனை நேரமும் புல்லும் மண்ணும் என்று விளையாட்டாக இருந்தது. வீடு என்றதும் கை நின்றுவிட்டது. குழந்தைகள் கையில் யுத்தத்தைப் பொம்மையாகக் கொடுப்பது சரிதானா என்ற கேள்வி எந்தத் தாய்க்கும் வரும். எனக்கும் வந்தது. "அது யார் வீடடா?" என்று கேட்டேன்.

"யார் வீடும் இல்லை அம்மா. சும்மா, இடிந்த வீடு."

"யார் வீடும் இல்லாமல் ஒரு வீடு எப்படி இருக்கும்? சுவர் இருந்தால் அடுப்பு இருந்திருக்கும். அடுப்பு இருந்தால் ஒருத்தி இருந்திருப்பாள். அவள் யார் என்று தெரிந்துகொண்டு வந்து பிறகு இடி" என்று சொல்லிவிட்டேன். கோபமாகத்தான் சொன்னேன். பையன் முகம் சுண்டிப் போயிற்று. அன்று வேலை நின்றது.

இரண்டு நாள் கழித்து அவன் ஒரு காகிதக் கட்டோடு வந்தான். கணினியில் தேடி எடுத்த படங்கள். "அம்மா, யார் வீடு என்று கேட்டாயே, கண்டுபிடித்துவிட்டேன்" என்றான். அவன் சொன்ன கதையை உங்களுக்கும் சொல்கிறேன்.

இங்கிலாந்தின் தென்கரையில் டார்ஸெட் என்று ஒரு ஜில்லா. அங்கே போவிங்டன் என்ற ஊரில் டாங்கிகளுக்கென்றே ஒரு பெரிய காட்சிசாலை இருக்கிறது. 1915-ல் செய்த முதல் மாதிரியான 'லிட்டில் வில்லி' என்ற வண்டி இன்றும் அங்கே நிற்கிறது. அதற்குப் பக்கத்திலேயே, கடலை ஒட்டின பள்ளத்தாக்கில் டைன்ஹாம் என்று ஒரு கிராமம். ஒரு மாதாகோயில், ஒரு பள்ளிக்கூடம், ஒரு தபாலாபீஸ், கல்லால் கட்டிய சின்னச் சின்ன வீடுகள். 1943-ம் வருஷம் நவம்பர் மாதம் கிராமத்தாருக்குக் கடிதம் வந்தது. பிரான்ஸின் மீது படையெடுக்கப் போகும் சிப்பாய்கள் டாங்கி ஓட்டிச் சுடப் பழகவேண்டும். அதற்கு இந்தப் பள்ளத்தாக்கு தேவை. ஒரு மாதத்துக்குள் காலி செய்ய வேண்டும்.

சுற்று வட்டாரம் உள்பட சுமார் 225 பேர். கிறிஸ்துமஸுக்குச் சில நாட்களுக்கு முன்னால் எல்லோரும் புறப்பட்டுவிட்டார்கள். கடைசியாகக் கிளம்பியவர்களில் ஒரு பெண்மணி ஒரு காகிதத்தில் எழுதி மாதாகோயில் கதவில் குத்திவைத்துவிட்டுப் போனாள். வருகிற சிப்பாய்களுக்கு எழுதியது அது. கோயிலையும் வீடுகளையும் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள். தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த வீடுகளை யுத்தத்தில் ஜயிப்பதற்காக விட்டுப் போகிறோம். ஒரு நாள் திரும்பி வருவோம். எங்கள் ஊரிடம் அன்பாக நடந்துகொண்டதற்கு அப்போது நன்றி சொல்வோம் என்பது அதன் சாரம்.

அவர்கள் திரும்பவேயில்லை. யுத்தம் 1945-ல் முடிந்தது. 1948-ல் ராணுவம் அந்த நிலத்தைக் கட்டாயமாக வாங்கிக்கொண்டது. இன்றும் அந்தப் பிரதேசம் சுடப் பழகும் இடந்தான். சனி ஞாயிறுகளில் பெரும்பாலும் ஜனங்கள் போய்ப் பார்க்க அனுமதிக்கிறார்கள். கூரையில்லாத சுவர்கள், சுவரில் கணப்பு அடுப்பின் வாய், அதில் புல் முளைத்திருக்கிறது. கோயிலையும் பள்ளிக்கூடத்தையும் மட்டும் பழுது பார்த்து, ஊரின் கதையைச் சொல்லும் காட்சிசாலையாக வைத்திருக்கிறார்கள்.

பையன் சொல்லி முடித்தான். நான் ஒன்றும் பேசவில்லை. அத்தை அந்தப் படத்தை வாங்கிக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வெகு நேரம் பார்த்தார். பிறகு சொன்னார்:

"அவளும் கோலம் போட்டுவிட்டுத்தான் போயிருக்கிறாள்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இரண்டு வருஷத்துக்கு முன்னால், கிராமத்து வீட்டைக் காலி செய்த அன்று காலை நடந்தது ஞாபகம் வந்தது. சாமான்களெல்லாம் லாரியில் ஏறியாகிவிட்டது. அத்தையைக் காணோம். பார்த்தால், வாசலைப் பெருக்கித் தெளித்து, இழைக் கோலம் போட்டுக்கொண்டிருந்தார். "இடிக்கப் போகிற வீட்டுக்கு யாராவது கோலம் போடுவார்களா அம்மா? நேரமாகிறது" என்று என் கணவர் சத்தம் போட்டார். அத்தை பதில் சொல்லவில்லை. கோலத்தை முடித்துவிட்டுத்தான் வண்டியில் ஏறினார். அந்த வார்த்தைக்குப் பதில் இத்தனை நாள் கழித்து இப்போது வந்திருக்கிறது.

அதற்குப் பிறகு அந்த வீட்டுக்கு மேஸ்திரி அத்தைதான்.

நுரை அட்டையைச் சுவராக அறுத்து, மழுங்கின பென்சிலால் அழுத்திக் கோடு போட்டால் கல் கல்லாகத் தெரிகிறது. கோடுகள் ஒரே சீராக இருக்கக் கூடாது. வெள்ளிக் காகிதத்தைக் கசக்கி உருட்டி அதன் மேல் ஒற்றினால் கல்லின் சொரசொரப்பு வந்துவிடும். முதலில் சாம்பல் வர்ணம். அது காய்ந்ததும் கறுப்பும் பழுப்பும் கலந்து ரசம் போல் நீர்க்கக் கரைத்துப் பூசவேண்டும். அது இடுக்குகளில் போய்த் தங்கிக்கொள்ளும். கடைசியில் தூரிகையில் வெளிர் நிறத்தைத் தொட்டு, துணியில் நன்றாகத் துடைத்துவிட்டு, வெறும் தூரிகையால் தடவுவதுபோல் மேலே தடவவேண்டும். கல்லின் விளிம்புகள் மட்டும் வெயில் பட்டதுபோல் எழுந்து நிற்கும். இந்த மூன்று பூச்சுதான் சூட்சுமம். கொலு மலைக்கும் செய்து பாருங்கள், அசந்துபோவீர்கள்.

புல்லுக்குத் தேங்காய் நார். அரை அங்குலம், முக்கால் அங்குலம் என்று நறுக்கி, பசையில் தோய்த்து, நட்டு, பச்சையும் பழுப்புமாகத் தடவினோம். தரைக்குச் சலித்த மணலும், வடிகட்டின தேயிலைத் தூளும். தேயிலையை இரண்டு நாள் நல்ல வெயிலில் காயப் போடாவிட்டால் பூசணம் பிடித்துவிடும். மணலைத் தூவிவிட்டால் போதாது. ஒரு மணல் டாங்கியின் பற்சக்கரத்தில் மாட்டினாலும் 'கரக் கரக்' என்று அரைத்து வண்டி கெட்டுவிடும். ஃபெவிகாலில் இரண்டு பங்கு தண்ணீர் கலந்து, பாத்திரம் தேய்க்கும் சோப்பு நீர் ஒரு சொட்டு விட்டு, மேலே சொட்டுச் சொட்டாக விடவேண்டும். சோப்பு நீர் சேராவிட்டால் பசை மணலுக்குள் இறங்காமல் முத்து முத்தாக மேலேயே நிற்கும். ஒரு ராத்திரி காய்ந்தால் கல்லாக இறுகிவிடும்.

இவையெல்லாம் பையன் படித்துத் தெரிந்துகொண்டவை. அத்தை சொன்னவை எந்தப் புஸ்தகத்திலும் இல்லை.

"வாசற்படி ஏன் இப்படி நேராக இருக்கிறது? நடுவில் தேயாத படி உண்டா?" என்றார். உப்புத்தாளால் தேய்த்து நடுவில் குழி செய்தோம்.

"அடுப்புக்கு மேலே சுவர் ஏன் வெளுப்பாக இருக்கிறது? அத்தனை வருஷப் புகை எங்கே போயிற்று?" என்றார். வர்ணம் வேண்டாமென்று, விளக்கேற்றி அதன் மேலே தட்டைக் கவிழ்த்து, கண் மை எடுப்பதுபோல் கரி எடுத்து விரலால் தடவினார். அதைப் பார்த்தபோதுதான் அது சுவராக இல்லாமல் சமையலறையாகத் தெரிந்தது.

"அலமாரி இருந்த இடத்தில் சுவர் நிறம் மாறியிருக்கும்" என்றார். "கதவு திறக்கிற பக்கம் கை பட்டுப் பட்டு எண்ணெய்ப் பிசுக்கு ஏறியிருக்கும்" என்றார். சொல்லச் சொல்ல எங்களுக்குப் புரிந்தது. அவர் இங்கிலாந்து வீட்டைப் பற்றிப் பேசவில்லை.

வேலை முடிய ஒன்றரை மாதமாயிற்று. இங்கிலாந்தில் ஆக்ஸ்போர்டு பக்கம் பெண்டன் என்று ஒரு காட்சிசாலை இருக்கிறதாம். 1925-ல் ஆஸ்திரேலியாவிலிருந்து அங்கே வந்த ராய் இங்லண்டு என்பவர், பழைய கிராமத்து வீடுகள் ஒவ்வொன்றாக உருமாறிப் போவதைக் கண்டு சகிக்காமல், நிஜத்தில் 76-ல் ஒரு பங்கு அளவுக்கு அவற்றை அப்படியே செய்துவைக்கத் தொடங்கினார். 1954-ல் அது காட்சிசாலையாயிற்று. அவருக்குப் பிறகும் மற்றவர்கள் தொடர்ந்து செய்கிறார்கள். நாங்கள் ஒரு வீட்டுக்கு ஒன்றரை மாதம் எடுத்துக்கொண்டதற்கு வெட்கப்பட வேண்டியதில்லை என்று இதைப் படித்த பிறகு சமாதானம் செய்துகொண்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், வெயில் தணிந்த பிறகு, மாடியில் அரங்கேற்றம். பையனின் சிநேகிதர்கள் நாலு பேர் வந்திருந்தார்கள். ஒருவன் கையில் இன்னொரு டாங்கி. (சில டாங்கிகள் சின்னப் பிளாஸ்டிக் குண்டுகளை நிஜமாகவே சுடும். கண்ணில் பட்டால் ஆபத்து. சின்னக் குழந்தைகள் உள்ள வீட்டில், கண்ணுக்குத் தெரியாத ஒளியால் 'சுடுகிற' ரகத்தையே வாங்குங்கள். பாட்டரியைச் செருகிவிட்டுத் தூங்கப் போகாதீர்கள்.) டாங்கி மேட்டில் ஏறி, ரஸ்தாவில் இறங்கி, சதுக்கத்தில் திரும்பிற்று. நிஜமாகவே 30 டன் வண்டி வருவதுபோல இருந்தது. பையன்கள் ஆரவாரம் செய்தார்கள்.

"அந்த வீட்டுக்குள்ளே விடுடா! சுவரை உடை!" என்றான் ஒருவன்.

என் பையன் டாங்கியை வாசற்படிக்கு எதிரே கொண்டுபோய் நிறுத்தினான். "இல்லை. அந்த வீட்டுக்கு ஆள் இருக்கிறார்கள். வெளியே போயிருக்கிறார்கள்" என்றான்.

யுத்தப் பொம்மை நல்லதா கெட்டதா என்று கேட்டால் எனக்கு இன்னும் பதில் தெரியாது. ஆனால் வெறும் தரையில் ஓடினபோது எங்கே வேண்டுமானாலும் ஓடிய அந்த வண்டி, ஒரு வீட்டைக் கட்டி வைத்ததும் வாசலில் நின்றது. அதை என் கண்ணால் பார்த்தேன்.

பையன்கள் போன பிறகு அத்தை அவனைக் கூப்பிட்டார்.

"தம்பி, இந்த வண்டி வராத வீடு ஒன்று கட்டித் தருவாயா?"

"எந்த வீடு பாட்டி?"

"நம்ம வீடுதான்."

அவன் பென்சிலை எடுத்துக்கொண்டான். அத்தை கண்ணை மூடிக்கொண்டு சொல்ல ஆரம்பித்தார். "திண்ணை எட்டடி." அவன் எழுதினான்: ஆறு அங்குலம். "முற்றம் பன்னிரண்டு அடி." ஒன்பது அங்குலம். "கூடத்தில் நாலு தூண். மூன்றாவது தூணில் உன் அப்பன் சின்ன வயசில் ஆணியால் பேர் கிறுக்கியிருப்பான். அதையும் எழுது." பத்திரிகையைப் படித்துக்கொண்டிருந்த என் கணவர் அதைக் கீழே வைத்துவிட்டார். மெள்ள எழுந்து வந்து தாயார் பக்கத்தில் உட்கார்ந்து, "நாலாவது தூண் அம்மா, கொல்லைப் பக்கம்" என்றார்.

அன்றிரவு பதினொரு மணிவரை மூன்று பேருமாகக் கொல்லைக் கிணற்றின் அளவைப் பற்றிச் சண்டை போட்டார்கள். இரண்டு வருஷமாக 'உம்' என்ற ஓசையைத் தவிர வேறொன்றும் கேட்காத வீட்டில் அந்தச் சண்டை என் காதுக்குச் சங்கீதமாக இருந்தது.

இந்த வருஷம் நவராத்திரிக்கு எங்கள் கொலுவில் பார்க் கிடையாது. ஒரு வீடு இருக்கும். அவசியம் வாருங்கள். இரண்டடிக் கோலம் இங்கே ஒன்றரை அங்குலந்தான்; ஆனாலும் அதை நாங்கள் யாரும் போடப் போவதில்லை. அத்தை ஊசி முனையில் மாவைத் தொட்டு இப்போதே பழகிக்கொண்டிருக்கிறார்.